ரோமானிய அஸ்திப் பேழையைப் படிப்பது எப்படி

அருங்காட்சியகத்தில் அரை மீட்டர்கூட இல்லாத ஒரு பளிங்குப் பெட்டி இருக்கிறது. முன்முகத்தில் மாலைத் தோரணம், நடுவே ஒரு சட்டத்துக்குள் சில வரி எழுத்து, மேலே வீட்டுக் கூரை வடிவில் மூடி. பக்கத்தில் "அஸ்திப் பேழை, பளிங்கு, கி.பி. 1ஆம் நூற்றாண்டு" என்று ஓர் அட்டை. லத்தீன் தெரியாதவரும் இந்தப் பெட்டியிலிருந்து இறந்தவர் யார், பேழைக்குப் பணம் கொடுத்தவர் யார், அவர்களில் யார் அடிமையாக இருந்தவர் என்பதைப் பிடித்துவிடலாம். பத்துப் பன்னிரண்டு சொற்களும் பார்க்கும் வரிசையும் தெரிந்தால் போதும். முதலில் கல், பிறகு எழுத்து, கடைசியில் அட்டை. எழுத்திலிருந்து தொடங்கினால் ஏமாற வாய்ப்பு அதிகம். பெட்டி ஒரு காலத்தது, மூடி இன்னொன்றினுடையது, எழுத்து 18ஆம் நூற்றாண்டு வியாபாரி வெட்டியது என்ற கலவை ஐரோப்பியச் சேகரிப்புகளில் சாதாரணம்.

காலத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரோம் நகரில் எரிப்பதும் புதைப்பதும் எப்போதும் அருகருகே இருந்தன, ஆனால் குடியரசின் கடைசிக் காலத்திலிருந்து கி.பி. 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை எரிப்பதே வழக்கம். கொர்னேலியஸ் என்ற பிரபுக் குலத்தார் நீண்ட காலம் புதைப்பவர்களாகவே இருந்தார்கள். கி.மு. 78இல் இறந்த சர்வாதிகாரி சுல்லாதான் அந்தக் குலத்தில் முதலில் எரிக்கப்பட்டவர் என்று ரோமானிய நாவலர் சிசெரோ எழுதுகிறார். கி.பி. 65இல் பேரரசர் நீரோவின் மனைவி பொப்பையாவை எரிக்காமல் பதனம் செய்தபோது, அது ரோமானிய வழக்கமல்ல என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறித்தார். 2ஆம் நூற்றாண்டில் பணக்காரர்கள் முழு உடலை வைக்கும் கல்சவப்பெட்டிக்கு மாறினார்கள். அதனால் செதுக்கிய பளிங்குப் பேழைகளில் பெரும்பகுதி பேரரசர்கள் கிளாடியஸ் முதல் ஹேட்ரியன் வரையான காலத்துக்குள் (கி.பி. 41–138) விழும். அட்டையில் 4ஆம் நூற்றாண்டு என்று இருந்தால் காரணம் தேட வேண்டும்.

மூடியின்மேல் ஓர் ஆள் சாய்ந்து படுத்திருந்தால் அது பெரும்பாலும் எட்ருஸ்கன், அதாவது ரோமுக்கு வடக்கே வாழ்ந்த பழைய இத்தாலிய மக்களுடையது. வொல்டெர்ரா, கியூசி ஆகிய ஊர்களின் அஸ்திப் பேழைகள் அப்படிப்பட்டவை, எழுத்தும் வலமிருந்து இடமாக ஓடும். கீழே சொல்வது எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

கல்லைப் பார்ப்பது

பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பேழை மாடக்குழிக்குள்ளோ சுவரை ஒட்டியோ நின்றது. அதனால் பின்முகம் கரடாக, உளித்தடத்தோடு விடப்பட்டிருக்கும். நாலு பக்கமும் பளபளவென்று மெருகேறியிருந்தால், பிற்காலத்தில் யாரோ தோட்டத்திலோ கூடத்திலோ அலங்காரமாக வைக்க முயன்றிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

அடுத்து உட்குழி. வட்டமாகவோ சதுரமாகவோ குடைந்திருப்பார்கள், இரண்டு பேருக்கென இரு குழிகளும் உண்டு. இந்த இடத்தில்தான் பேழையையும் நினைவுப் பலிபீடத்தையும் பிரித்தறிய முடியும். பலிபீடம் உயரமாக நிற்கும், உள்ளே கட்டிக்கல்லாக இருக்கலாம், அல்லது உச்சியில் மட்டும் சிறு பள்ளம் இருக்கும். முன்முகம் இரண்டிலும் ஒரே மாதிரி செதுக்கப்பட்டிருப்பதால் புகைப்படத்தை மட்டும் பார்ப்பவர் குழம்புவார். மேலிருந்து எடுத்த படம் கிடைத்தால் அதையே முதலில் பாருங்கள்.

மூடியை எப்படிப் பொருத்தினார்கள் என்று பக்கவாட்டில் தேடுங்கள். குட்டைப் பக்கங்களில் ஒரு துளை, அதற்கு நேர்மேலே மூடியில் இன்னொன்று இருக்கும். இரும்புக் கவ்வியை இறக்கி ஈயம் ஊற்றி இறுக்கியதன் அடையாளம் அது. இரும்பு துருவேறிப் பருத்துக் கல்லை வெடிக்கவைக்கும். துளையைச் சுற்றிச் சிவந்த கறையும் விரிசலும் இருந்தால் கவ்வி பழையது. பெட்டித் துளையும் மூடித் துளையும் நேர்கோட்டில் வராவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று பிறந்தவை அல்ல.

மூடியில் ஊடுருவும் துளை இருந்தால் அது தனிச் செய்தி. படையல் ஊற்றுவதற்கானது அது, கடைசியில் வருகிறேன்.

பளிங்கு மட்டுமே கலசம் என்று நினைக்க வேண்டாம். மாகாணங்களில் பெரும்பாலானோருக்கு வீட்டுப் பானையே கலசம். 1, 2ஆம் நூற்றாண்டுகளில் கண்ணாடிக் கலசங்கள் பரவலாக இருந்தன. ஈயப் பெட்டிக்குள்ளோ கல்லுறைக்குள்ளோ வைத்ததால்தான் பல இன்றும் உடையாமல் இருக்கின்றன. பேரரசர் டிராஜனின் அஸ்தி பொற்கலசத்தில் அவருடைய தூணின் அடித்தளத்தில் வைக்கப்பட்டது. கலசம் இன்று இல்லை.

சிற்பத்துக்கு நிறைய நேரம் செலவிட வேண்டாம். ஆட்டுக்கடாத் தலை அல்லது கொம்புள்ள அம்மோன் தலையிலிருந்து தொங்கும் பழமாலை, கீழ் மூலையில் கழுகு அல்லது ஸ்பிங்ஸ், மாலைக்கு மேலே மெடூசா முகம், பழம் கொத்தும் பறவைகள், பாதி திறந்த கதவு ஆகியவை பட்டறைச் சரக்கு. செய்து அடுக்கி வைத்ததை வாடிக்கையாளர் பார்த்து எடுத்துக்கொண்டார். கழுகு இருப்பதால் இறந்தவர் படைவீரர் என்றும், கதவு இருப்பதால் மறுமையில் ஆழ்ந்த நம்பிக்கையுள்ளவர் என்றும் எழுதும் விளக்கங்களைச் சற்றுத் தள்ளியே வையுங்கள். எழுத்துச் சட்டம் வெறுமையாகவே இருக்கும் பேழைகளும் உண்டு. பெயரை வண்ணத்தில் எழுதி அது அழிந்திருக்கலாம், எழுதாமலே விட்டிருக்கலாம். இந்த வெற்றுச் சட்டங்கள்தான் பின்னாளில் போலி எழுத்துக்கு வாகாக அமைந்தன.

எழுத்தைப் படிப்பது

முதல் வரியில் டி, எம் என்று இரண்டு எழுத்துகள் தனியாக நின்றால் அது "தீஸ் மானிபுஸ்", அதாவது மானேஸ் எனும் இறந்தோர் தெய்வங்களுக்கு. கி.பி. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பரவி, 2ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய எல்லாக் கற்களிலும் ஏறிவிட்டது. முழுச் சொற்களாக எழுதியிருந்தால் பெரும்பாலும் முந்தைய காலம், சுருக்கினால் பிந்தையது. இது நூலளவு கணக்கு அல்ல, திசைகாட்டி மட்டும்.

அடுத்து வேற்றுமை உருபு. தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது எளிது. இறந்தவரின் பெயர் நான்காம் வேற்றுமையில் ("இன்னாருக்கு") அல்லது ஆறாம் வேற்றுமையில் ("இன்னாருடைய") வரும். பேழை செய்வித்தவரின் பெயர் முதல் வேற்றுமையில் வரும், கூடவே "ஃபேகித்" (செய்தார்) என்ற வினை. ஆண் பெயர் "-உஸ்" என்று முடிந்தால் எழுவாய், "-ஓ" என்றால் "-க்கு", "-ஈ" என்றால் பெரும்பாலும் "-உடைய". பெண் பெயர் "-ஆ" என்றால் எழுவாய். "-ஏ" ஒலியாகக் கருதப்படும் இரட்டை எழுத்தில் முடிந்தால் "-க்கு", "-உடைய" இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். "-உஸ்" முடிவுள்ள பெயரைக் கண்டதும் அவர்தான் இறந்தவர் என்று முடிவுகட்டுவதே புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. பெரும்பாலும் அவர் பணம் கட்டிய கணவரோ மகனோதான்.

ஒரே எழுத்து மூன்று வேலை பார்ப்பதும் தொல்லை. எல் என்ற எழுத்து பெயரின் தலையில் நின்றால் லூக்கியஸ், பெயரின் நடுவில் நின்றால் "லிபெர்தஸ்" (விடுதலை பெற்ற அடிமை), வயதுக்குப் பின் வந்தால் 50. எம் முதல் வரியில் மானிபுஸ், பெயரில் மார்க்கஸ், வயதில் மாதம். நிற்கும் இடத்தைப் பார்க்காமல் எழுத்தை விரிக்கக் கூடாது. ரோமானியர் நான்கை நாலு கோடாகவும் எழுதுவார்கள், நாற்பதை நாலு எக்ஸ் ஆகவும் எழுதுவார்கள். அது கல்தச்சன் தவறல்ல. சொற்களுக்கிடையே சிறு முக்கோணப் புள்ளியோ ஐவி இலையோ இருக்கும். வரி முடியும் இடத்தில் சொல்லை எங்கு வேண்டுமானாலும் உடைப்பார்கள், இணைப்புக்குறி போட மாட்டார்கள். உகரத்துக்கும் வகரத்துக்கும் வி வடிவ எழுத்து ஒன்றே.

பெயரின் கட்டமைப்பில்தான் அதிகம் தெரியவரும். சுதந்திர ஆணுக்கு மூன்று பாகம்: முன்பெயர் (ஓரெழுத்து அல்லது ஈரெழுத்துச் சுருக்கம்), குலப்பெயர், சொந்தப் பெயர். நடுவில் தந்தையின் முன்பெயரும் எஃப் எழுத்தும் ("ஃபீலியுஸ்", மகன்) வந்தால் பிறப்பிலேயே சுதந்திரர். அதே இடத்தில் எல் வந்தால் விடுதலையானவர். விடுதலை செய்த எஜமானரின் முன்பெயரையும் குலப்பெயரையும் அவர் எடுத்துக்கொள்வார், அடிமைக்கால ஒற்றைப் பெயர் கடைசிப் பாகமாக ஒட்டிக்கொள்ளும். எரோஸ், ஹெர்மெஸ், ஒனேசிமஸ் போன்ற கிரேக்கப் பெயர்கள் அந்த இடத்தில் வந்தால் அடிமைப் பின்னணியை ஊகிக்கலாம். எல் இல்லாமல் அது உறுதியாகாது. எஜமானர் பெண்ணாக இருந்தால் முன்பெயருக்குப் பதில் சி எழுத்தைத் திருப்பி வெட்டுவார்கள், ஏனெனில் பெண்களுக்கு வழக்கமாக முன்பெயர் இல்லை. இந்தத் திரும்பிய சி-யைக் கல்தச்சனின் கைப்பிசகு என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு.

குலப்பெயர் காலத்தையும் காட்டும். திபேரியஸ் கிளாடியஸ் என்று தொடங்கி "அவுகுஸ்தி லிபெர்தஸ்" (பேரரசரால் விடுதலையானவர்) என்று சொன்னால், அவரை விடுதலை செய்தது கிளாடியஸோ நீரோவோ. அப்படியானால் கல் கி.பி. 41க்குப் பிந்தையது. திதுஸ் ஃபிளாவியஸ் 69க்குப் பின், மார்க்கஸ் உல்பியஸ் 98க்குப் பின், புப்லியஸ் ஏலியஸ் 117க்குப் பின். இதெல்லாம் கீழ் எல்லை மட்டுமே. இளமையில் விடுதலை பெற்றவர் ஐம்பது ஆண்டு கழித்து இறந்திருக்கலாம்.

வயதுக்கு "விக்ஸித் அன்னிஸ்" (வாழ்ந்த ஆண்டுகள்) என்று வரும். குழந்தைகளுக்கு மாதம், நாள், சில கற்களில் மணிநேரம்கூடக் கணக்கிட்டிருப்பார்கள். பெரியவர்களின் வயது ஐந்தின் மடங்குகளில் குவிந்து கிடக்கும். சரியான வயது தெரியாமல் குத்துமதிப்பாகச் சொன்னதன் விளைவு அது. அதனால் கல்வெட்டு வயதுகளைக் கூட்டி வகுத்து ரோமானியர் சராசரி ஆயுள் இவ்வளவு என்று சொல்லாதீர்கள். யாருக்குக் கல் வைத்தார்கள் என்பதைத்தான் அந்த எண் அளக்கும்.

மீதிச் சொற்கள் சில போதும். "பெனெ மெரேந்தி": தகுதியுடையவருக்கு. "கோன்யுகி": கணவனுக்கு அல்லது மனைவிக்கு. "ஹிக் சித்துஸ் எஸ்த்": இங்கே இருக்கிறார். "ஸித் திபி தெர்ரா லெவிஸ்": மண் உனக்கு லேசாக இருக்கட்டும், நாலு முதலெழுத்தாகச் சுருங்கி ஸ்பெயின், ஆப்பிரிக்கக் கற்களில் நிறைய வரும். "இந்த நினைவிடம் வாரிசுக்குச் சேராது" என்ற வாசகம் ஐந்து முதலெழுத்தாக வரும். அதன் இடம் வழக்கமாகக் கல்லறை வாசல்.

இரண்டு கற்களில் பழகிப் பார்ப்போம்

ரோமின் கேப்பிடோலின் குன்றில் மூத்த அக்ரிப்பினாவின் அஸ்திக் கல் இருக்கிறது. வாசகம் "ஓஸ்ஸா" (எலும்புகள்) என்று தொடங்குகிறது. அடுத்து வருவதெல்லாம் ஆறாம் வேற்றுமை: மார்க்கஸ் அக்ரிப்பாவின் மகளும், தெய்வமான அகஸ்டஸின் பேத்தியும், ஜெர்மானிகஸ் சீசரின் மனைவியும், கையஸ் சீசர் அகஸ்டஸ் ஜெர்மானிகஸ் எனும் முதல்வரின் (அதாவது பேரரசரின்) தாயுமான அக்ரிப்பினாவுடைய எலும்புகள். தீஸ் மானிபுஸ் இல்லை, வயது இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. ஆனால் காலம் துல்லியமாகக் கிடைக்கிறது. கையஸ் என்பவர் காலிகுலா, ஆட்சி 37 முதல் 41 வரை. அக்ரிப்பினா 33இல் பண்டதாரியா தீவில் நாடுகடத்தப்பட்ட நிலையில் இறந்தவர். மகன் ஆட்சிக்கு வந்ததும் அஸ்தியைக் கொண்டுவந்து அகஸ்டஸின் கல்லறை மாளிகையில் சேர்த்தார். கல் இறப்புக்கு நாலு ஆண்டு பிந்தியது. இறந்த ஆண்டைக் கல்லின் ஆண்டாக எழுதிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அதே கல் மத்திய காலத்தில் தானிய அளவைத் தொட்டியாகப் பயன்பட்டது. குழியின் இன்றைய வடிவத்தை வைத்து ரோமானியர் எப்படிக் குடைந்தார்கள் என்று பேசும் முன் இதை நினையுங்கள். (அந்த மகனுக்கு நேர்ந்தது: 41இல் கொல்லப்பட்டு, அவசரச் சிதையில் பாதி வெந்து, தோட்டத்தில் மண் மூடிக் கிடந்தார். பிறகு சகோதரிகள் வந்து தோண்டி முறையாக எரித்தார்கள் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ்.)

இரண்டாவது, ரோமின் பொம்போனியஸ் ஹிலாஸ் மாடக்கல்லறை, அதாவது சுவர் மாடக்குழிகளில் கலசங்களை வைக்கும் கல்லறை. லத்தீன் நெடுஞ்சாலை அருகே 1831இல் கண்டெடுக்கப்பட்டது. படிக்கட்டின் எதிரே வண்ணக்கல் பதித்த பலகையில் க்னேயஸ் பொம்போனியஸ் ஹிலாஸும் பொம்போனியா விதாலினிஸும் இருக்கிறார்கள். விதாலினிஸின் பெயருக்குள் க்னேயஸின் விடுதலைப் பெண் என்று எல் எழுத்து சொல்கிறது. அவள் பெயருக்கு மேலே ஒரு வி. "விவித்", உயிரோடிருக்கிறாள் என்று பொருள். இடத்தைத் தயார் செய்தபோது அவள் சாகவில்லை. இதற்கு எதிர்க் குறி கிரேக்கத் தீட்டா: வட்டத்தின் நடுவே ஒரு கோடு, இறந்தவர். குடும்பப் பட்டியல்களில் இந்த இரண்டு குறிகளையும் தவறவிட்டால் எல்லோரையும் ஒரே நாளில் சாகடித்துவிடுவீர்கள்.

மாடக்கல்லறையும் அதன் கணக்கும்

எல்லோருக்கும் பளிங்கு கட்டுப்படியாகாது. சுவர் முழுக்க மாடக்குழிகள், ஒவ்வொன்றின் தரையிலும் பெரும்பாலும் இரண்டு மண்பானைகள் கழுத்துவரை பூசிப் புதைக்கப்பட்டிருக்கும். வெளியே மூடி மட்டும் தெரியும். பானையை எடுக்க முடியாது, அதனால் குழிக்குக் கீழே அறைந்த சிறு பலகையைத்தான் சேகரிப்பாளர்கள் பெயர்த்தார்கள். அருங்காட்சியகச் சுவரில் கையகலப் பலகை, இரு முனையிலும் ஆணித்துளையோடு இருந்தால் அது பேழையின் பாகம் அல்ல, மாடக்கல்லறைப் பலகை. அதில் "ஓல்லே" (பானைகள்) என்ற சொல்லும் எண்ணும் இருந்தால் எத்தனை பானை இடம் வாங்கப்பட்டது என்ற கணக்கு. அகஸ்டஸின் மனைவி லிவியாவின் வீட்டு ஆட்களுக்கான மாடக்கல்லறை அப்பியன் சாலையில் 1726இல் தோண்டப்பட்டது. சிகை அலங்கரிப்பவள், மருத்துவச்சி, பொற்கொல்லன் என்று தொழில்களும் அந்தப் பலகைகளில் வருகின்றன.

இப்படிக் கல்லறை இடம் தரும் எஜமானர் இல்லாதவர்கள் அடக்கச் செலவுக்காகச் சங்கம் சேர்ந்தார்கள். ரோமுக்கு அருகே லானுவியம் என்ற ஊரில் கி.பி. 136ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அந்த விதிகளை முழுதாகத் தருகிறது. சேரும்போது 100 செஸ்டெர்ஸும் (ரோமானிய நாணயம்) ஓர் ஆம்ஃபோரா (பெரிய மண்சாடி) நல்ல திராட்சை மதுவும், மாதம் 5 ஆஸ் (சிறு நாணயம்). நாலு ஆஸ் ஒரு செஸ்டெர்ஸ் என்பதால் ஆண்டுக்கு 15. இறந்தால் 300 செஸ்டெர்ஸ், அதில் 50 சிதையருகே வந்தவர்களுக்குப் பங்கு. கட்டிய பணம் 300ஐ எட்ட 13 ஆண்டுக்கு மேல் ஆகும், அதற்குமுன் போனவர்களுக்கு லாபம். தொடர்ந்து ஆறு மாதம் கட்டாதவருக்கு ஒன்றும் இல்லை, தற்கொலை செய்தவருக்கும் இல்லை. ஊரிலிருந்து 20 மைலுக்கு அப்பால் இறந்தால் மூன்று பேர் போய் அடக்கம் செய்வார்கள், ஆளுக்கு 20 செஸ்டெர்ஸ் வழிச்செலவு. எஜமானன் அடிமையின் உடலைத் தர மறுத்தால் உருவம் வைத்துச் சடங்கு.

துளையும் படையலும்

நகருக்குள் எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்பது ரோமின் பழைய சட்டத் தொகுப்பான பன்னிரு பலகைச் சட்டம். அதனால் சாலையோரம்தான் எல்லாம். சிதை அடங்கியபின் எலும்பைப் பொறுக்கி, மதுவும் பாலும் விட்டுக் கழுவி, கலசத்தில் இடுவது நெருங்கிய உறவின் வேலை. ஒன்பதாம் நாள் கல்லறையில் விருந்து. எல்லா எலும்பையும் பொறுக்கியதில்லை. இன்றைய மின்மயானத்தில் ஒரு பெரியவரின் எரிந்த எலும்பு ஒரு கிலோவுக்கு மேல் தேறும். ரோமானியக் கலசத்தில் அதில் ஒரு பங்கே இருந்தால் கொள்ளை போனதாக எழுத வேண்டாம். எலும்பு வெள்ளையாக இருந்தால் தீ நன்றாகப் பிடித்தது, சாம்பல் நீலம் இடைநிலை, கறுப்பு என்றால் விறகோ காற்றோ போதவில்லை.

மூடித் துளைக்கு வருவோம். ஆண்டுதோறும் பிப்ரவரி 13 முதல் 21 வரை பரேந்தாலியா, இறந்த முன்னோருக்கான நாட்கள். கோயில்கள் அடைத்திருக்கும், கல்யாணம் கிடையாது. கவிஞர் ஓவிட் கேட்கும் படையல் எளியது: மாலை சூடிய ஓட்டுத்துண்டு, தூவிய தானியம், சில கல் உப்பு, மதுவில் ஊறிய ரொட்டி, உதிரி வயலெட் பூ. ஊற்றும் மது உள்ளே போக வேண்டும், அதற்குத்தான் துளை. ஓஸ்தியா அருகே ஈஸோலா சாக்ராவில் ஏழைகளின் கல்லறைகளில் ஆம்ஃபோரா கழுத்துகள் தரைக்கு மேலே நிற்கின்றன, வேல்ஸின் கேர்லியனில் ஈயக் கலசத்திலிருந்து ஈயக்குழாய் மேலே வந்தது. மே 9, 11, 13 இரவுகளின் லெமூரியா வேறு. குடும்பத் தலைவன் வெறுங்காலோடு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் கருப்பு அவரையை எறிந்து ஆவிகளை வீட்டைவிட்டு அனுப்புவது. அதற்கும் கலசத்துக்கும் தொடர்பில்லை, இரண்டையும் ஒன்றாகக் கலக்கும் அட்டைகளை நம்ப வேண்டாம். துளையின் விளிம்பைப் பாருங்கள். கூர்மையாக, வெள்ளையாக இருந்தால் தோட்ட நீரூற்றுக்காகப் பின்னாளில் துளைத்ததாக இருக்கலாம்.

போலி எழுத்து

18ஆம் நூற்றாண்டு ரோமில் பிரானேசியும் கவசெப்பியும் நடத்திய பட்டறைகள் உடைந்த துண்டுகளை முழுப் பொருளாக்கி இங்கிலாந்துக்கு விற்றன. ஹென்றி பிளண்டலின் சேகரிப்பு (இன்று லிவர்பூலில்), 1805இல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கிய டவுன்லி சேகரிப்பு ஆகியவற்றைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும். சோதிக்க வேண்டியவை: கல்லின் மேல் படிந்த சுண்ணப் பற்றையும் வேர்த்தடத்தையும் எழுத்து வெட்டிக்கொண்டு போனால் எழுத்து பிந்தையது, பற்று எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருந்தால் நம்பலாம். ஜே எழுத்து இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், ஆனால் மற்றதைவிட உயர்ந்து நிற்கும் ஐ உண்மையான ரோமானிய வழக்கம், அதை ஜே என்று கொள்ள வேண்டாம். எழுத்தின் சிவப்புச் சாயம் எதையும் நிரூபிக்காது. ரோமானியரும் பூசினார்கள், அருங்காட்சியகங்களும் பூசின.

கடைசியாக வாசகத்தைத் தேடுங்கள். 1853இல் ஜெர்மன் வரலாற்றாசிரியர் மொம்சன் பொறுப்பில் பெர்லினில் தொடங்கிய லத்தீன் கல்வெட்டுத் தொகுப்பின் ஆறாம் தொகுதி ரோம் நகருக்கானது. கிளாஸ்-ஸ்லாபி இணையத் தரவுத்தளத்தில் இரண்டு மூன்று சொல்லை இட்டாலே எண் வந்துவிடும், கட்டணம் இல்லை. சட்டத்துக்குள் இருக்கும் வாசகம் வேறொரு கல்லின் வாசகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் இரண்டில் ஒன்று நகல். தொகுப்பு எண்ணின் பக்கத்தில் உடுக்குறி (*) இருந்தால் தொகுத்தவர்கள் அதைப் பொய்க் கல்வெட்டு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். பெட்டி அப்போதும் உண்மையாக இருக்கலாம், ஆகவே உங்கள் குறிப்பில் பெட்டி, மூடி, எழுத்து மூன்றுக்கும் தனித்தனியே காலம் எழுதுங்கள்.